நைனாவின் பட்டணம்
(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன மாதம் போன் செய்தார். "நீங்க இருபது நிமிஷம் பேசணும். தலைப்பு உங்க இஷ்டம். ஆனா பட்ஜெட் பற்றி வேண்டாம்" என்றார். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பட்ஜெட்டை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும் என்று யோசித்தேன். அப்புறம்தான் பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வகுப்பு நண்பர்கள் பன்னிரண்டு பேர் ஜார்ஜ் டவுனைச் சுற்றி வந்தது நினைவுக்கு வந்தது. அந்த நடைக்கு வழிகாட்டியாக என்னைத்தான் போட்டார்கள். "நீதாம்பா அந்தப் பக்கத்து ஆள்" என்றார்கள். அதையே பேசிவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்து ஆள் என்பது உண்மைதான். ஆனால் நாம் கல்லூரியில் சேர்ந்த 1972ஆம் வருஷத்திலிருந்து 1975இல் வெளியே போகிற வரை அந்த உண்மையை உங்களில் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. "எங்கே இருக்கே?" என்று கேட்டால் "பார்க் டவுன் பக்கம்" என்பேன். பார்க் டவுன் என்றால் கொஞ்சம் பூங்கா வாசனை வருமே! நான் இருந்தது ஏழுகிணறு. ஒன்பது குடித்தனம், ஒரே குழாய். ஒண்டுக் குடித்தனம் என்றால் என்ன என்று இங்கே பலருக்குத் தெரியும், தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். ஏன் மறைத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஊரைச் சுற்றி வருவோம்.

காலை ஏழு மணிக்குப் பாரிமுனையில் கூடினோம். நம் காலத்தில் பஸ்ஸில் தொங்கிக் கொண்டு வந்து இறங்கிய இடம். இப்போது மெட்ரோ ரயிலில் ஹைகோர்ட் நிலையத்தில் இறங்கிச் சட்டை கசங்காமல் மேலே வரலாம். 2019இல் அந்த வசதி வந்தது. முழங்கால் வலிக்காரர்கள் குறித்துக் கொள்ளவும்.

பாரி என்றால் கடையெழு வள்ளல்களில் ஒருவர் என்று நினைத்துக் கொண்டிருந்தாள் என் பேத்தி. இவர் தாமஸ் பாரி என்ற வெள்ளைக்கார வியாபாரி. 1788இல் தொழில் தொடங்கியவர். அந்த முனையில் இப்போது நிற்கும் டேர் ஹவுஸ் கட்டடம் 1940இல் எழுந்தது. அதன் ஓரத்தில் ஆளுயரத்துக்கு ஒரு கல்தூண் இருக்கிறது. ஆயிரம் தடவை அதைத் தாண்டிப் போயிருப்போம், ஒரு தடவையாவது நின்று பார்த்திருப்போமா? 1773ஆம் வருஷம் நட்ட எல்லைக்கல் அது. ஆறு தூண்கள் நட்டார்கள், மிஞ்சியது இது ஒன்றுதான்.

எதற்கு எல்லை? அதில்தான் ஊரின் கதையே இருக்கிறது. கோட்டைக்குள் வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி நெசவாளர், வியாபாரி, துபாஷி என்று நம்மவர்கள் இருந்தார்கள். அதற்குக் கறுப்பர் நகரம் என்று பெயர் வைத்தார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் பட்டணத்தைப் பிடித்தார்கள், 1749இல் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்து 1758இல் மறுபடி முற்றுகை. வீடுகள் கோட்டைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தால் எதிரி மறைந்திருந்து சுடுவான் என்று கண்டுகொண்டு, பழைய கறுப்பர் நகரத்தை அடியோடு இடித்துத் திடலாக்கினார்கள். இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் யாரும் வீடு கட்டக் கூடாது என்று நட்டதுதான் இந்தத் தூண்கள். இடிபட்ட ஊர் இருந்த இடத்தில்தான் இன்று ஹைகோர்ட்டும் சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கின்றன. வீடு இழந்தவர்கள் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் போனார்கள். அதுவே புதுக் கறுப்பர் நகரம். பிறகு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் ஜார்ஜ் டவுன் ஆனது. நிறம் போய் ராஜா வந்தார், குடித்தனக்காரர்கள் அதே ஆட்கள்தான்.

அங்கே இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அந்த இடிப்பில் போனது. பிறகு பெருமாளுக்கும் மல்லீசுவரருக்கும் பூக்கடை அருகே தேவராஜ முதலி தெருவில் பக்கத்துப் பக்கத்தில் கோயில் எழுந்தது. பட்டணம் கோயில் என்பார்கள். சைவ வைணவச் சண்டை பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். இங்கே இரண்டு சாமிகளும் ஒரே நேரத்தில் குடி மாறி, பக்கத்து வீட்டுக்காரர்களாக இருக்கிறார்கள்.

ஹைகோர்ட் 1892இல் கட்டி முடித்தது. அதன் உச்சிக் கோபுரத்தில் 1894 முதல் கலங்கரை விளக்கு எரிந்தது. நான் சின்னப் பையனாக எங்கள் மொட்டை மாடியில் படுத்துக் கொண்டு அந்த வெளிச்சம் சுற்றி வருவதை எண்ணிக்கொண்டே தூங்கிப் போவேன். 1977இல் மெரீனாவில் புது விளக்கு வந்ததும் இது நின்றுபோனது. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் கப்பல் குண்டு போட்டதற்கான கல்வெட்டு ஹைகோர்ட் சுற்றுச்சுவரில் இருக்கிறது. "பெரிய எம்டன்டா நீ" என்று நம் கணக்கு வாத்தியார் திட்டுவாரே, அந்த வார்த்தை பிறந்த இடம் அது.

அங்கிருந்து பர்மா பஜார். 1964க்குப் பிறகு பர்மாவில் கடை கண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொள்ள, தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த தமிழர்கள் கட்டிய துணியோடு கப்பலேறி வந்தார்கள். அவர்கள் பிழைப்புக்காக 1969இல் கடற்கரைச் சாலையோரம் போட்ட கடைகள்தாம் அவை. நாம் அங்கே கால்குலேட்டரும் டேப் ரெக்கார்டரும் பேரம் பேசினோமே தவிர, விற்கிறவர் எங்கிருந்து எதை விட்டுவிட்டு வந்தார் என்று கேட்டோமா? பக்கத்துத் தெருவில் சாயங்காலம் தள்ளுவண்டியில் அத்தோ போடுவார்கள். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித் தண்ணீர் எல்லாம் கையால் பிசைந்து கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூப். நாங்கள் போனது காலை, ஆகவே வெறும் வாயை மென்றுகொண்டு நடந்தோம்.

தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். 1677இல் சத்ரபதி சிவாஜி இங்கே வந்து கும்பிட்டுப் போனதாகக் கோயிலில் சொல்வார்கள். பாரதியாரும் வந்து வணங்கிய அம்மன் என்பார்கள். அடுத்து அரண்மனைக்காரன் தெரு. எந்த அரண்மனை என்று நான் பல நாள் தேடியிருக்கிறேன். அரண்மனையும் இல்லை, ராஜாவும் இல்லை. அர்மேனியன் தெரு என்று இங்கிலீஷில் சொன்னதை நம் சனங்கள் வாய்க்கு வசதியாக அரண்மனைக்காரன் ஆக்கிவிட்டார்கள்! அர்மேனியர்கள் பட்டும் ரத்தினமும் வியாபாரம் செய்ய வந்தவர்கள். அவர்களில் ஒருவரான கோஜா பெட்ரஸ் உஸ்கான்தான் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டிக் கொடுத்தவர், பரங்கிமலைக்குப் படிக்கட்டு போட்டுக் கொடுத்தவர். அவர்களது மாதா கோயில் 1772இல் கட்டியது. உள்ளே போனால் தெருச் சத்தம் அப்படியே நின்றுவிடும். தரையெல்லாம் கல்லறைக் கற்கள். அங்கே அடங்கியிருக்கும் பாதிரியார் ஷ்மாவோனியன் 1794இல் நடத்திய 'அஸ்தரார்' என்ற பத்திரிகைதான் உலகத்திலேயே அர்மேனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை. அது அவர்கள் நாட்டில் அச்சாகவில்லை, நம்ம பட்டணத்தில் அச்சானது! மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிப்பார்கள். கேட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். கும்பிட வர அர்மேனியர் இல்லாமல் போன பிறகும் மணி அடிப்பதை நிறுத்தவில்லை. அது எங்களில் பலரை என்னவோ செய்தது.

அதே தெருவில் அந்தோணியார் கோயில். செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். நெற்றியில் விபூதி வைத்தவரும், குங்குமம் வைத்த அம்மாவும், முக்காடு போட்ட பாட்டியும் மெழுகுவத்தியோடு வரிசையில் நிற்பார்கள். அதே தெருவில் கச்சாலீசுவரர் கோயில். அன்னி பெசன்ட் அம்மையார் 1915இல் எழுப்பிய கோகலே ஹாலும் அங்கேதான். சுயாட்சிப் பேச்சு முழங்கிய இடம்.

வடக்கே போனால் பவளக்காரத் தெரு. ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போனார்கள். அவர்கள் போனபின் நகரத்தார் வந்தார்கள். மண்ணடிப் பக்கம் மரைக்காயர்களும் மற்ற முஸ்லிம் வியாபாரிகளும். ஒருவர் போக ஒருவர் வந்து, வீட்டை இடிக்காமல் பெயர்ப் பலகையை மட்டும் மாற்றிக்கொண்ட தெருக்கள் இவை. "இது யாரோட ஊருப்பா?" என்று நம் டாக்டரம்மா கேட்டார். "கடைசியா வாடகை குடுத்தவனோட ஊரு" என்றேன்.

எல்லாம் சமரசமாகவே இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனால் பொய் சொன்னவனாவேன். வலங்கை, இடங்கை என்று சாதிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போகலாம், யார் பந்தல் போடலாம் என்று அடித்துக் கொண்டார்கள். 1707இல் தாமஸ் பிட் கவர்னராக இருந்தபோது பெரிய கலகம். தெருக்களைப் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டி வந்தது. பல பேர் ஓர் ஊரில் இருந்தால் சண்டை வரத்தான் செய்யும். மறுநாள் காலையில் கடை திறக்க வேண்டுமே என்ற கவலைதான் இவர்களைச் சேர்த்து வைத்தது என்பது என் அபிப்பிராயம்.

முத்தியால்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் நடுவே ஒரு சாக்கடைப் பள்ளம் இருந்தது. ஸ்டீபன் பாப்பம் என்ற வக்கீல் 1780களில் அந்தப் பள்ளத்தை வாங்கித் தூர்த்து, சாலை போட்டார். அதுதான் பிராட்வே. இப்போது பிரகாசம் சாலை. 1928இல் சைமன் கமிஷனை எதிர்த்த நாளில் போலீஸ் துப்பாக்கிக்கு முன் மார்பைத் திறந்து காட்டிய ஆந்திர கேசரி பிரகாசம் பெயர்.

பிராட்வேயைத் தாண்டினால் தெருவுக்கு ஒரு சரக்கு. ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். கோடவுன் தெருவில் துணி. தேவராஜ முதலி தெருவில் கண்ணாடியும் மணியும். நயினியப்ப நாயக்கன் தெருவில் ரசாயனச் சரக்கு. கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மளிகை, முந்திரி, திராட்சை. பத்ரியன் தெருவில் பூ. இத்தனை பேர் ஒரே சரக்கை ஒரே தெருவில் விற்றால் எப்படி வியாபாரம் நடக்கும் என்று நம் எம்.பி.ஏ. நண்பர் கேட்டார். விஷயம் இதுதான். வேலூரிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வருகிற சில்லறைக் கடைக்காரர் காலை ரயிலில் வந்து ராத்திரி ரயிலில் திரும்ப வேண்டும். பத்துக் கடை ஏறி இறங்கி விலை விசாரிக்க அவருக்கு ஒரே தெரு போதும். ஒரு கடையில் இல்லாத சரக்கைக் கடைக்காரரே பையனை அனுப்பிப் பக்கத்துக் கடையிலிருந்து வாங்கித் தருவார். தெருக்கோடியில் பார்சல் ஆபீஸ். வாங்கினவன் கையை வீசிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம். பாதிக் கணக்கு கடனில்தான். வாய்ச் சொல்தான் பத்திரம். வங்கிக்காரன் நான் சொல்கிறேன், எங்களை விடக் குறைந்த வாராக்கடனோடு அவர்கள் தொழில் செய்தார்கள்.

தங்கசாலைத் தெரு நாணயம் அடித்த இடம். சௌகார்பேட்டையில் குஜராத்திக்காரர்களும் மார்வாரிகளும். காலையில் ஜிலேபியும் கச்சோரியும் சுடச்சுட. இங்கே எங்களை விட்டுப் பிரிந்து போன இருவரை அரை மணி நேரம் தேடினோம். ஒரு பால் கடையில் சர்க்கரை வியாதியை மறந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பெயரைச் சொல்லமாட்டேன். மனைவிமார் சபையில் இருக்கிறார்கள்.

இன்னும் மேற்கே வால்டாக்ஸ் சாலை. 1769இல் ஹைதர் அலியின் படை பட்டணத்து வாசல் வரை வந்து கதி கலங்க வைத்ததும், கறுப்பர் நகரத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். யானைக்கவுனி என்பது அந்தச் சுவரின் ஒரு வாசல். சுவருக்கு ஆன செலவைக் குடிமக்களிடம் வரியாக வசூல் செய்யத் திட்டம் போட்டார்கள், பலிக்கவில்லை. சுவரும் போய்விட்டது. வராத வரியின் பெயர் மட்டும் சாலைக்கு நின்றது.

கடைசியாக எங்கள் ஏழுகிணறு. 1772இல் கேப்டன் பேக்கர் என்பவர் போட்ட திட்டம். கறுப்பர் நகரத்துக் கிணறுகளிலிருந்து கோட்டைக்குத் தண்ணீர் போனது. நாங்கள் ஒரே குழாயில் ஒன்பது குடித்தனம் குடமேந்திய அதே பேட்டையிலிருந்துதான் பட்டாளம் முழுவதும் தாகம் தீர்த்துக் கொண்டது! இங்கே வீராசாமி பிள்ளைத் தெருவில்தான் வள்ளலார் வாழ்ந்தார். இங்கிருந்து கந்தகோட்டத்துக்கு நடந்து போய் முருகனைப் பாடினார். வாடிய பயிரைக் கண்டு வாடிய மனசு, பயிரே இல்லாத இந்தச் சந்துகளில் வளர்ந்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துக் கொள்வேன்.

இனி அந்தக் கடைசி விஷயம். ஏழுகிணற்றிலிருந்து திரும்பும்போது கொத்தவால்சாவடி வழியாக வந்தோம். கன்னிகா பரமேஸ்வரி கோயிலை ஒட்டிய சந்துகள். பட்டணம் முழுக்கச் சாப்பிட்ட காய்கறி ஒரு காலத்தில் இங்கேதான் வந்து இறங்கியது. 1996இல் மொத்த வியாபாரத்தைக் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். நம் நாளில் ராத்திரி இரண்டு மணிக்கு லாரி வரும். மழை பெய்தால் முட்டியளவு சேறு. அழுகின முட்டைக்கோஸ் இலையும் வெங்காயச் சருகும் மாட்டுச் சாணமுமாக ஒரு வாசனை. கொத்தவால்சாவடிப் பேச்சு என்றால் காதைப் பொத்திக் கொள்வார்கள்.

அங்கே ஒரு மண்டியில் என் தகப்பனார் கணக்குப்பிள்ளையாக இருந்தார். "கெட்டும் பட்டணம் சேர்" என்று வாலாஜாபேட்டையிலிருந்து வந்தவர். வந்த மூட்டை எத்தனை, எந்த விவசாயியுடையது, என்ன விலைக்குப் போனது, கமிஷன், கூலி, வண்டிச் சத்தம் கழித்து அவருக்கு எவ்வளவு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அவர் சிட்டையில் ஏறும். ஒரு பைசா தப்பாது. விடியற்காலை இரண்டரைக்குப் போனால் பகல் பன்னிரண்டுக்கு வருவார். சட்டையில் வெங்காய வாசனை. எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. வடசென்னை வழக்கப்படி வீட்டில் நான் அவரை நைனா என்று கூப்பிடுவேன். கல்லூரியில் "மை ஃபாதர் இஸ் இன் பிசினஸ்" என்றேன்.

1974ஆம் வருஷம் ஹாஸ்டல் தினத்துக்கு முந்தின நாள். விடியற்காலை ஐந்தரை இருக்கும். நைனாவுக்குத் தூக்கில் காப்பி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மண்டி வாசலில் நம் மெஸ் செயலாளரும் இன்னும் இரண்டு பேரும் கோணிப் பைகளோடு நிற்கிறார்கள்! காப்பித் தூக்கை ஒரு பெட்டி மேல் வைத்துவிட்டு, வெங்காய மூட்டை அடுக்குக்குப் பின்னால் ஒளிந்து கொண்டேன். மூட்டை இடுக்கு வழியாக நைனாவின் முகம் தெரிந்தது. அவர் தூக்கைப் பார்த்தார். மூட்டைப் பக்கம் பார்த்தார். பிறகு வந்த பையன்களைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைக் கூப்பிடவில்லை. அந்தப் பக்கம் மறுபடி திரும்பக்கூட இல்லை. குனிந்து கணக்கு எழுதிக் கொண்டிருந்தார். நான் பின் சந்து வழியாக ஓடிவிட்டேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தவர் ஒன்றே ஒன்று சொன்னார். "தூக்கை அங்கியே வச்சிட்டு வந்துட்டியேப்பா, காப்பி ஆறிப் போச்சி." அவ்வளவுதான். அதன்பின் 1991இல் அவர் காலமாகும் வரை அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். மேனேஜர் ஆனேன், கார் வாங்கினேன், அவரைத் திருப்பதிக்கு அழைத்துப் போனேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை.

இந்தப் பிப்ரவரியில் அதே சந்தில் நின்றோம். எனக்குத் தொண்டை அடைத்தது, சும்மா இருந்தேன். அப்போது நம் மெஸ் செயலாளர் தானாகவே ஆரம்பித்தார். "இங்க எங்கியோதாம்பா ஒரு மண்டி. ஹாஸ்டல் டேக்குக் காய் வாங்க வந்தோம். ஒரு கணக்குப்பிள்ளைப் பெரியவர். எந்தக் காலேஜ்னு கேட்டார். சொன்னதும் ரெண்டு பூசணிக்காயைச் சும்மா தூக்கி வண்டியில வைக்கச் சொன்னார், அதுக்கான காசைத் தன் பையிலேருந்து எடுத்துக் கல்லாவுல போட்டார். ஏன் பெரியவரேன்னு கேட்டேன். என் பையனும் அங்கதான் தம்பி படிக்கிறான்னார். பேர் என்னங்கன்னு கேட்டேன். பேரு வேணாம் தம்பி, அவனுக்குக் கூச்சம்னு சிரிச்சிட்டார்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அது எங்க நைனாதான்" என்றேன்.

பன்னிரண்டு பேரும் நடுத்தெருவில் அப்படியே நின்றோம். ஒரு கைவண்டிக்காரர் "ஓரம் போங்க சார்" என்று சத்தம் போடும் வரை யாரும் நகரவில்லை. பிறகு நண்பர் மெதுவாக இன்னொன்று சொன்னார். "இன்னொண்ணும் கேட்டாருப்பா. உங்க காலேஜ் கேன்டீன்ல மத்தியானம் என்ன தம்பி கிடைக்கும், வயிறு நிறையுமான்னு கேட்டார். நான் எனக்காகக் கேக்கிறார்னு நினைச்சுக்கிட்டு, பிரமாதமா இருக்கும் பெரியவரேன்னு சொல்லிட்டு வந்தேன்."

நண்பர்களே, நம் கேன்டீன் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பொய்க்கு நான் நண்பருக்கு நன்றி சொன்னேன். அன்றைக்காவது நைனா நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பார்.

இதைச் சொல்லி உங்களை அழ வைப்பது என் நோக்கமில்லை. இரண்டு வேண்டுகோள் உண்டு. ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பேரப் பிள்ளைகளோடு ஜார்ஜ் டவுனுக்குப் போய் வாருங்கள். கடைகள் அநேகமாக மூடியிருக்கும், நடக்க வழி கிடைக்கும். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக் கொள்ளுங்கள். தூண் வைத்த திண்ணை வீடுகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்து, கோடவுன்கள் ஆகிக் கொண்டிருக்கின்றன. மிச்சம் இருக்கும்போதே பார்த்து விடுங்கள்.

இரண்டாவது, நம் சங்கத்துக்கு. வருஷா வருஷம் ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறோம். பையனை மட்டும் மேடைக்கு அழைத்துக் கவரைக் கொடுத்துப் படம் எடுத்துக் கொள்கிறோம். அடுத்த வருஷத்திலிருந்து அவனுடைய அப்பா, அம்மாவுக்கும் அழைப்பு அனுப்புவோம். முதல் வரிசையில் உட்கார வைப்போம். அவர் கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவராக இருக்கலாம், அந்த அம்மா பூக்கட்டுகிறவராக இருக்கலாம். சட்டையில் என்ன வாசனை இருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பையன் எழுந்து நின்று "இவங்கதான் எங்கப்பா" என்று இருபது வயதிலேயே சொல்லட்டும். என்னைப் போல எழுபது வரை காத்திருக்க வேண்டாம். இதற்கு ஆகும் பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு முழுவதையும் என் காலம் உள்ளவரை நான் ஏற்றுக் கொள்கிறேன். செயலாளர் குறித்துக் கொள்ளலாம்.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டில் பூசணிக்காய்க் கூட்டு இருக்க வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.

இருபது நிமிஷம் என்றார்கள், முப்பது ஆகிவிட்டது.